காலடிப்பேட்டையிலிருந்து அரண்மனைக்காரன் தெரு வரை

காலடிப்பேட்டையில் ஏறினால் மண்ணடிக்கு மெட்ரோவில் கால் மணி நேரம். டோல்கேட், புது வண்ணாரப்பேட்டை தாண்டும்வரை ரயில் உயரத்தில் ஓடும். தண்டையார்பேட்டைக்கு முன்னால் பூமிக்குள் இறங்கிவிடும். மண்ணடியில் மேலே ஏறி வந்து கொஞ்ச தூரம் நடந்தால் அரண்மனைக்காரன் தெரு. அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நான் பில் போடும் காகிதக் கடை. கல்யாணப் பத்திரிகை அட்டை, கணக்கு நோட்டு, ரீம் கணக்கில் வெள்ளைத்தாள் விற்கிறோம். பதினாறு வருஷமாக எனக்கு இதே வழிதான். முதலில் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு மெட்ரோ.

பதினாறில் முதல் பத்து வருஷம் எனக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒரு கேள்விகூட வந்ததில்லை. பெயர் அரண்மனைக்காரன் தெரு. தெருவில் அரண்மனை கிடையாது. செவ்வாய்க்கிழமை ஆனால் அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டம் உண்டு. மெழுகுவத்தி விற்பவர்கள், மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டி, லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி நடக்கும் சண்டை எல்லாம் உண்டு. அரண்மனை எங்கே என்று மட்டும் நானும் கேட்கவில்லை, என்னோடு வேலை பார்ப்பவர்களும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பெயரை யார் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்?

என்னைக் கேட்க வைத்தவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். அது அவருக்குத் தெரியாது.

2021-ல் மறுபடியும் ஊரடங்கு வந்து கடை மூடியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் காலையில் மகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடும். மத்தியானம் அவள் தூங்கினால் எனக்கு. ப்ளஸ் டூ முடித்தபோது நான் வரலாறு படிக்க ஆசைப்பட்டவள். “ஹிஸ்டரி படிச்சிட்டு என்னம்மா பண்ணுவ, மியூசியத்துல போய் உக்காருவியா?” என்று அட்மிஷன் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு பி.காம். படிவத்தை வாங்கிக்கொண்டேன். அதற்காக இன்றைக்கு அழவில்லை, பி.காம்.தான் சோறு போடுகிறது. ஆனால் ஊரடங்கில், செய்ய ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானம், அந்த மேஜை ஞாபகத்துக்கு வந்தது. போனை எடுத்து ‘ஹிஸ்டரி ஃப்ரீ கோர்ஸ்’ என்று தட்டினேன்.

வந்து விழுந்த பட்டியலில் பாதி விளம்பரம். மீதியில் யேல் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் இருந்தன. எம்.ஐ.டி. 2001-லேயே தன் பாடப் பொருள்களை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. யேல் 2007 டிசம்பரில் வகுப்பறையையே படம் பிடித்துப் போட ஆரம்பித்தது. பேராசிரியர் பேசுவதும் மாணவர்கள் இருமுவதும் அப்படியே இருக்கும். பெயர் பதிய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், கடைசியில் சான்றிதழும் கிடையாது. நான் எடுத்தது பால் ஃப்ரீட்மன் நடத்திய பாடம். இடைக்காலத்தின் தொடக்கம், கி.பி. 284 முதல் 1000 வரை, 22 வகுப்புகள். வேறு எத்தனையோ இருக்க இது ஏன் என்றால், 284 என்று காசு சுத்தமாகத் தொடங்கியது பிடித்திருந்தது. பில் போடுகிறவள் புத்தி. (டயோக்ளீஷியன் ரோமாபுரிக்குச் சக்கரவர்த்தி ஆன வருஷம் அது.)

ஆங்கிலம் எனக்கு எழுத்தில் தகராறு இல்லை. காதில்தான். அதுவும் அமெரிக்கக் குரல். 410-ஆம் ஆண்டு ரோம் நகரைச் சூறையாடியது யார் என்றால் ‘காட்ஸ்’ என்று அவர் சொல்வதாக என் காதில் விழுந்தது. கடவுள்கள்! சரி, நம் ஊரில் திரிபுரம் எரித்த கதை இருக்கிறதே, அவர்களுக்கும் அப்படி ஒரு புராணம் இருக்கும், அதை முன்கதையாகச் சொல்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கேட்கக் கேட்க விசித்திரமாகப் போனது. கடவுள்கள் டான்யூப் ஆற்றைக் கடந்து ரோமானிய எல்லைக்குள் அடைக்கலம் கேட்டு வருகிறார்கள். கடவுள்களுக்குப் பசி. ரோமானிய அதிகாரிகள் கடவுள்களை ஏய்க்கிறார்கள். கடவுள்களுக்கு ஒரு தலைவர், பெயர் அலாரிக். கடைசியில் கடவுள்கள் ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையடிக்கிறார்கள். அருமையான புராணம் என்று நினைத்தேன். ஏழைச் சாமிகளின் கோபம், நம் பக்கத்து அம்மன் கதை மாதிரி.

ஒவ்வொரு வகுப்புக்கும் பேச்சின் முழு எழுத்து வடிவம் அந்தத் தளத்திலேயே இருக்கிறது என்று இரண்டு வகுப்பு முடிந்த பிறகுதான் கண்டேன். திறந்து பார்த்தால் கடவுளும் இல்லை கிடவுளும் இல்லை, கோத்துகள். ஜெர்மானியக் கூட்டத்தார். அவர்கள் உச்சரிப்பில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிறது. மகளிடம் சொன்னேன், ஒரு வாரம் சிரித்தாள். இப்போதுகூட நான் சமையலறையில் எதையாவது தட்டிவிட்டால் “கடவுள் புகுந்துட்டாரு” என்பாள்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறியது. முதலில் எழுத்து, அப்புறம் காது. இரவில் எழுத்து வடிவத்தைப் படித்துவிடுவேன். தெரியாத பெயர்களைக் கடையில் வீணாகும் பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். மறுநாள் காலை ரயிலில் முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்பேன். சுரங்கத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது, அதனால் முந்தின இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வகுப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல், முக்கால் வேகத்தில் வைத்தால் ஒரு மணியைத் தாண்டும். போக வர இரண்டு நாள் பிடிக்கும். இப்படி இருபத்திரண்டு வகுப்பையும் முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது, நடுவில் தீபாவளி டைரி, காலண்டர் சீசன் வேறு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இலவசக் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் போனும் டேட்டாவும் இருந்தால் போதும் என்கிறார்கள். வீட்டில் ஒரு மூலை வேண்டும், அதில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒரே அறை, டி.வி., லாரித் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓட்டம். எனக்குக் கிடைத்த மூலை ரயில் இருக்கைதான். அதற்குத் தினமும் டிக்கெட் வாங்குகிறேன்.

ரோமுக்குப் பிறகு மொழியியல் பக்கம் போனேன். நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகம் நடத்தும் ஓர் அறிமுகப் பாடம், பொதுமக்களுக்கானது. அது பிடித்துப்போய் அங்கிருந்து கண்டதைத் தேடிப் படித்ததில் ஒரு ஜெர்மன் சொல் கிடைத்தது: ‘ஃபோல்க்ஸ்எட்டிமோலகி’. தமிழில் நாட்டுப்புறச் சொற்பிறப்பு என்கிறார்கள். வாயில் நுழையாத வேற்றுச் சொல் ஒன்று வந்தால் மக்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த சொல்லாக வளைத்து, அதற்கு ஒரு பொருளும் கொடுத்துவிடுவார்கள். 1852-ல் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமன் என்பவர் இதைப் பற்றி எழுதினார். அவர் பேராசிரியர் இல்லை, நூலகர். பின்னாளில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகத்தில் இருந்த, மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் மக்களுடைய சுவடியின் காலக் கணக்கை உட்கார்ந்து உடைத்தவரும் அவரேதான். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் இவ்வளவு செய்திருக்கிறார். “மியூசியத்துல உக்காருவியா” என்று கேட்டவர் ஞாபகம் வந்தது எனக்கு.

இதைப் படித்த மறுநாள் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். தெருப் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் ‘ஆர்மீனியன் ஸ்ட்ரீட்’ என்று இருக்கிறது. தமிழில் அரண்மனைக்காரன் தெரு. பத்து வருஷமாக இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை. அர்மேனியன், அரமனியன், அரமனை. அரமனைக்காரன். நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த டிரைசைக்கிள்காரர், “யக்கா, கனவு காணணும்னா வூட்லயே இருந்திருக்கலாம்ல” என்று திட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு வாரம் எனக்கு அதே பைத்தியம். ஹென்றி டேவிசன் லவ் என்பவர் பழைய மெட்ராஸ் பற்றி எழுதி 1913-ல் வெளியான தடித் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுசாகக் கிடைக்கின்றன, இலவசமாக. வேறு எங்கெங்கோ பொறுக்கியதையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது. 1604, 1605 வாக்கில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்ற அர்மேனிய ஊரையே பெயர்த்து எடுத்து இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடிவைத்தார். அந்தப் புது ஜுல்ஃபாவின் வணிகர்கள் பட்டும் துணியும் ரத்தினமும் விற்றுக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் வந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 18-ஆம் நூற்றாண்டில் பாலம் கட்டியவர் அவர்களில் ஒருவர், பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவரும் அவர்தான். 1712-ல் இவர்கள் இங்கே தங்கள் முதல் கிறிஸ்தவக் கோயிலைக் கட்டினார்கள். இப்போது தெருவில் நிற்பது 1772-ல் கட்டியது. வெள்ளைச் சுவர், கனமான மரக்கதவு. நான் தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். பாங்க் ஆபீசோ என்னவோ என்று நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அர்மேனியன் எப்படி அரமனை ஆகியிருக்கும்? இதற்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தொல்காப்பியம் உரையோடு இருக்கிறது. தனிக் குறிலுக்குப் பின்னால் ‘ர்’, ‘ழ்’ இரண்டும் ஒற்றாக நிற்காது என்று எழுத்ததிகாரத்தில் விதி. அதனால்தான் தர்மம் தருமம் ஆனது, அர்ஜுனன் அருச்சுனன் ஆனான். கடையில் சர்க்கரை கேட்கிறவர் யாரும் ‘ர்’ஐச் சொல்வதில்லை, சக்கரைதான். அந்த வாய்க்கு ‘அர்மேனியன்’ என்று ஒரு சொல் வந்தால் என்ன செய்யும்? நடுவில் ஓர் உயிரைச் செருகும். அரமேனி, அரமனி. அதற்கு மிகப் பக்கத்தில் தமிழில் தயாராக நிற்கும் சொல் அரமனை. வந்தவர்களும் பணக்காரர்கள், பெரிய வீட்டுக்காரர்கள். பொருளும் பொருந்திவிட்டது. உயிரைச் செருகியது, பொருளைப் பொருத்தியது எல்லாம் என் ஊகம்தான். தமிழ்ப் பேராசிரியர் யாராவது படித்தால் காதைத் திருகலாம்.

இந்தப் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய கிரேக்கச் சொல் பத்து, ரஷ்யச் சொல் இருபது இன்னமும் வைத்திருக்கிறார், பெரும்பாலும் வீட்டில் சொல்லக்கூடாதவை. இலவசப் பாடம் அவருக்கு என்னைவிட நாற்பது வருஷம் முந்தியே நடந்திருக்கிறது.

அரமனைக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். தைரியம் வந்து அடுத்ததையும் எடுத்தேன். “நைனா, நம்ம காலடிப்பேட்டைகூட அப்படித்தான். காலடி இல்ல. ஜோசப் காலெட்னு ஒரு கவர்னர், 1717லேருந்து 1720 வரைக்கும் மெட்ராஸ்ல இருந்தவர். நெசவாளிங்களக் கொண்டாந்து குடிவெச்ச ஊரு. காலெட்பேட்டை. அதான் காலடிப்பேட்டை ஆயிடுச்சு.”

நைனா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னாமா சொல்ற. அது பெருமாள் காலடி.” எங்கள் பக்கம் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு, நானும் சின்ன வயதில் கேட்டதுதான். வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்த ஒருவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். துரைக்குச் சந்தேகம். இப்போது காஞ்சிபுரத்தில் என்ன நடக்கிறது சொல் பார்க்கலாம் என்றாராம். தேர் சேற்றில் நிற்கிறது என்றாராம் இவர். ஆள் அனுப்பி விசாரித்தால் உண்மை. துரை அசந்துபோய் இங்கேயே பெருமாளுக்குக் கோயில் எழுப்ப இடம் கொடுத்தார். நைனா முழுசாகச் சொல்லி முடித்தார். சொல்லி முடித்ததும் அவரே கொஞ்சம் நிறுத்தி, “அந்தத் தொர பேரு எனக்குத் தெரியாது. தொர ஒருத்தன் இருந்தது தெரியும்” என்றார்.

அவரிடம் கதை இருந்தது, பெயர் இல்லை. என்னிடம் பெயரும் வருஷமும் இருந்தன. நான் படித்த எந்தப் பக்கத்திலும் அந்தத் தேர் சேற்றில் நிற்கவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு நைனாதான், “சரி வுடு. காலெட்டு காலெட்டுன்னு எவன் கூப்புட்றான்? நம்ம வாயில வந்ததுதான் நின்னுது” என்று எழுந்து போனார்.

என் கடவுள்களை நினைத்துக்கொண்டேன். கோத்தை நான் கடவுள் ஆக்கியதும், காலெட்டை என் ஊர் காலடி ஆக்கியதும் ஒரே வேலைதான். தெரியாததை முதலில் தெரிந்ததாகத்தான் காது கேட்கிறது.

அதற்குப் பிறகு பயணமே வேறு மாதிரி ஆனது. தண்டையார்பேட்டை வந்தால் தொண்டியார் ஞாபகம் வரும். தொண்டியிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். வண்ணாரப்பேட்டை வந்தால் கம்பெனித் துணியை வெளுத்துக் காயவைத்தவர்கள். ராயபுரத்துக்கு ராயப்பர், அதாவது பேதுரு. மண்ணடியில் இறங்கினால் பவளக்காரத் தெரு, பவளம் விற்ற யூத வணிகர்களின் ஞாபகம். ஸ்டேஷன் பெயரை அறிவிக்கும் அந்த இயந்திரக் குரல் எனக்கு மட்டும் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் இருக்கும்.

ஓவியம், சிற்பம் பக்கம் நான் போனது தற்செயல்தான். ஸ்மார்ட்ஹிஸ்டரி என்று ஒரு தளம். பெத் ஹாரிஸ், ஸ்டீவன் சக்கர் என்ற இரண்டு கலை வரலாற்று ஆசிரியர்கள் 2005-ல் தொடங்கினார்கள். பாடமே கிடையாது. இரண்டு பேர் ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்தாறு நிமிஷம். ஒருவர், “இந்தக் கையைப் பார்” என்பார். மற்றவர், “ஆமாம், ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?” என்பார். முகம் காட்டுவதில்லை. நானும் மூன்றாவது ஆளாகப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். பள்ளியில் யாரும் எனக்கு எதையும் பார்க்கச் சொல்லித் தரவில்லை. படிக்க, மனப்பாடம் செய்ய, கும்பிடச் சொல்லித் தந்தார்கள். பார்க்க இல்லை.

அந்தப் பழக்கத்தில் திருவொற்றியூர் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். வடிவுடையம்மனைப் பார்க்க நான் போகாத மாதமே கிடையாது. அன்றைக்குப் பிரகாரம் சுற்றும்போது மூலவர் சன்னிதியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சதுரமாக இல்லை. வளைந்து போகிறது. நாற்பது வருஷமாகச் சுற்றுகிற சுவர்! வீட்டுக்கு வந்து தேடினால் அதற்குப் பெயர் தூங்கானை மாடம், படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற அமைப்பு. ராஜேந்திர சோழன் காலத்தில், இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதர் சொல்லி, கருங்கல்லில் கட்டியவர் ரவி என்ற தச்சர், வீரசோழத் தச்சன் என்று பட்டம் பெற்றவர் என்று அங்கே கல்வெட்டே இருக்கிறது. எவ்வளவோ கோயிலில் கட்டச் சொன்ன ராஜாவின் பெயர் மட்டும்தான் நிற்கும். இங்கே கட்டியவர் பெயரும் நிற்கிறது. அடுத்த வெள்ளி நைனாவைக் கூட்டிப்போய் அந்த வளைவைக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, “கல்லை இப்பிடி வளைக்கணும்னா தூக்கி வெக்கிறதுக்கே ஒரு ஆளு வேணும்” என்றார். வின்ச் ஓட்டியவர் கண்ணுக்குத் தெரிவது ஸ்மார்ட்ஹிஸ்டரிக்காரர்களுக்குத் தெரியாது.

பணம் பறிபோன கதை ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் ஏழு நாள் இலவசம் என்றார்கள், கார்டு எண் கேட்டார்கள், கொடுத்தேன். எட்டாம் நாள் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் காலி. பில் போடுகிறவளுக்கே இந்தக் கதி. அந்த மாதம் சிலிண்டருக்குத் தம்பியிடம் கைமாற்று. அதற்குப் பிறகு கார்டு கேட்கும் இலவசம் எதையும் தொடுவதில்லை. முதலில் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்த பெரிய தளங்கள் பலவும் மெல்ல மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. வீடியோ பார்க்கலாம், தேர்வுத்தாள் எழுத முடியாது. எழுதினாலும் மதிப்பெண் வராது. நம் அரசாங்கத்தின் ஸ்வயம் என்ற பாடத் தளம் 2017-லிருந்து இருக்கிறது. பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். அது எனக்கு நியாயமாகத் தெரிகிறது. சான்றிதழை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? கடையில் லோடு இறக்கும் அண்ணன், “படிச்சு முடிச்சா சர்ட்டிபிகேட் தருவாங்களாமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப எதுக்கு?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல், மாயன் காலண்டர் கதையைச் சொன்னேன். மறுநாள் அவரே வந்து, “அந்த லைப்ரரிக்காரரு அப்பறம் இன்னா பண்ணாரு?” என்று கேட்டார்.

தமிழில் என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். புத்தகமாக நிறையக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாட்டிலிருந்து சிறுகதை வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இருக்கிறது, பக்கத்திலேயே வேப்பேரியில் உட்கார்ந்து ஃபப்ரீஷியஸ் பாதிரியார் தொகுத்த அகராதியும் இருக்கிறது. வேப்பேரி எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அந்த அகராதியைச் சிகாகோ வழியாகப் பார்க்கிறேன். ஆனால் பேசிப் பாடம் நடத்துகிறார்களே, கல்லூரி வகுப்பு மாதிரி இருபது மணி நேரம் ஒரு காலத்தை எடுத்துப் பொறுமையாகச் சொல்வது, அது வரலாற்றில் நான் தேடியவரை தமிழில் மிகக் குறைவு. யூடியூபில் வரலாறு என்று வருவதில் பெரும்பாலும் யாரோ யாரையோ அடிக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பத்தாயிரம் வருஷம். எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக எழுத்து. தெருவின் பெயர் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அர்மேனிய எழுத்து படிக்கலாம் என்று முடிவு செய்தேன். மொழி அல்ல, எழுத்து மட்டும். 405-ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டொட்ஸ் என்ற துறவி 36 எழுத்து உண்டாக்கினார். பின்னாளில் இரண்டு சேர்ந்து 38. நாளைக்கு மூன்று என்றால் பதின்மூன்று நாள். 247 எழுத்து படித்த ஜாதி நாம், இதற்கு அஞ்சலாமா? இருபத்தாறு நாள் ஆனது. பாதி எழுத்து ‘ப’வைப் புரட்டிப் போட்டதுபோல் இருக்கிறது, எதைப் பார்த்தாலும் ஒன்றாகத் தெரிகிறது. அதில் சந்தோஷம் கொடுத்தது என்னவென்றால், அவர்களுக்கும் இரண்டு ‘ர’ உண்டு. மெல்லத் தட்டுவது ஒன்று, அழுத்தி உருட்டுவது ஒன்று. சின்ன ர, பெரிய ற என்று பள்ளியில் நான் வாங்கிய அடி அர்மேனியத் தலைநகர் யெரெவானில் இருக்கும் பிள்ளைகளும் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்ததில் ஒரு நிம்மதி.

எழுத்தே அவர்களுக்கு எண்ணும்கூட. நம் பழைய கணக்கில் ‘க’ ஒன்று, ‘உ’ இரண்டு என்று வருவதுபோல. ‘ரா’ என்ற எழுத்து ஆயிரம், ‘மென்’ இருநூறு, ‘இனி’ இருபது, ‘தா’ நான்கு. அவர்கள் பழைய ஆண்டுக்கணக்கு கி.பி. 552-ல் தொடங்குகிறது, அதனால் வரும் எண்ணோடு 551-ஐக் கூட்ட வேண்டும். கூட்டல் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த மரக்கதவுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். உள்ளே வாசல் முழுக்கக் கல்லறைக் கற்கள். காலுக்கடியிலும் கற்கள். தேய்ந்துபோன ஒன்றில் நான்கு எழுத்து வரிசையாக இருந்தன: ரா, மென், இனி, தா. 1224. கூட்டினால் 1775. பில் தாளில் எழுதி இரண்டு முறை சரிபார்த்தேன். கோயிலைக் கட்டி மூன்று வருஷத்தில் இறந்துபோன யாரோ ஒருவர். பெயரில் முதல் மூன்று எழுத்தைப் படித்தேன், அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

அங்கே ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் இருக்கிறது. 1794-ல் அவர் இந்த மெட்ராஸில் ‘அஸ்தரார்’ என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். 1796 வரை நடந்தது. அர்மேனிய மொழியில் உலகத்திலேயே முதல் இதழ் அது. யெரெவானில் இல்லை, இஸ்தான்புல்லில் இல்லை, நம் மெட்ராஸில். அர்மேனியா விடுதலை பெற்றால் அதற்கு என்ன அரசியல் சட்டம் வேண்டும் என்று எழுதிய புத்தகம்கூட ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற வணிகர் குடும்பத்தின் அச்சகத்தில் இங்கேதான் அச்சானது. அச்சுக் காகிதம் விற்கும் கடையில் வேலை பார்ப்பவள் நான். இவர்கள் காகிதம் எங்கே வாங்கியிருப்பார்கள், ரீம் என்ன விலை இருந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு காலையில் அங்கே மணி அடிப்பார்கள், பூசைக்கு வர ஊரில் அர்மேனியர் அநேகமாக யாரும் இல்லாவிட்டாலும். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன, தெருவே அகலமாகத் தெரிந்தது. ஒன்பதரைக்கு மணி அடித்தது. நைனா சத்தம் வந்த திசையைப் பார்த்து, எந்தக் கப்பல் என்று கேட்பதுபோல் கண்ணைச் சுருக்கினார். அந்த மணிகளில் ஒன்றில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று சொன்னேன். நம்பாத முகத்தோடு, “நெஜமாவா?” என்றார்.

உள்ளே கற்களைச் சுற்றி நடந்தோம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், எவ்வளவு சொல்லியும் போடவில்லை. ஒரு கல்லின் முன்னால் குனிந்து, “இதுல என் பேர எழுதிக் காட்டு” என்றார். பில் தாளை எடுத்தேன். அவர் பெயரில் ஒரு பெரிய ற உண்டு. அதற்கு அழுத்தி உருட்டும் ரா போட்டேன். “இந்த எழுத்துக்கு ஆயிரம்னு அர்த்தம் நைனா” என்றேன். தாளைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து முனையில் டீ குடித்தோம். அந்த டீக்கடை பாய் எனக்குப் பதினாறு வருஷப் பழக்கம், நைனாவுக்கு அன்றைக்குத்தான். கண்ணாடி டம்ளரை வாங்கிக்கொண்டே நைனா பையிலிருந்து தாளை எடுத்து விரித்து அவரிடம் காட்டினார்.

“பாய், எம்பொண்ணு அரமன எழுத்து படிக்குது.”

“எந்த அரமனங்க?” என்றார் பாய்.

“இந்த அரமனதான்” என்றார் நைனா. “தெருவுக்கே பேரு போட்டுக்கீதே, பாக்கலியா?”